சமையல் மேடைக்கு குவார்ட்சைட் கல்லு: ஒம்பது மாசம் புழங்குனதுக்கு அப்பறம்

ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை எல்லாம் சமையல்கட்டுக்குள்ள நொழஞ்சதும் மேடையத் தடவிப் பாத்துட்டு "ஏனுங்க, மார்பிளுங்களா"ன்னுதான் கேக்கறாங்க. மார்பிள் இல்லீங்க குவார்ட்சைட்டுன்னா "ஓ, குவார்ட்ஸா"ங்கறாங்க. குவார்ட்ஸும் இல்லீங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒட்டுக்கா எழுதிப் போட்டரலாம்னு உக்காந்துட்டேன். எங்க ஊடு சென்னிமலைப் பக்கம், போன தையில பால் காய்ச்சுனோம், இப்ப ஐப்பசி. கல்லு நல்ல கல்லுதான், ஆனா கையில ஒரு எலுமிச்சங்காய் இல்லாம மட்டும் கல்லுக்கடைப் பக்கம் போயிராதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல இதுக்கு எப்படி வந்தோம்ங்கறது. எங்கம்மா ஆரம்பத்துல இருந்தே "கருப்புக் கல்லுல என்ன கொறையக் கண்டுட்டீங்க, பழைய ஊட்டுல முப்பது வருசமா கெடக்குது, ஒரு சோலி வெச்சுதா"ன்னு சொல்லிட்டே இருந்துச்சு. உண்மையச் சொன்னா அம்மா சொன்னதுல தப்பே இல்ல, கருப்பு கிரானைட்டுக்கு ஈடா ஒழைக்கற கல்லு கொறைவுதான், வெலையும் கம்மி. ஆனா எங்க சமையல்கட்டுல ஒரே ஒரு ஜன்னல், அதும் பக்கத்து ஊட்டுச் செவுத்தப் பாத்தாப்பல, கருப்பு போட்டா மத்தியானமே லைட்டு போடோணும்னு ஊட்டுக்காரம்மா ஒத்தக் கால்ல நின்னுட்டாங்க. கடப்பாக்கல்லு பேச்சுக்கே எடமில்ல, அது சுண்ணாம்புக்கல்லு வகை, பழைய ஊட்டு அலமாரியில புளித்தண்ணி சிந்துன எடமெல்லாம் வெளுத்துப் போயி இன்னைக்கும் அப்படியேதான் இருக்குது.

வெள்ளைன்னதும் எல்லாரும் சொன்னது குவார்ட்ஸு. இது கல்லுத்தூளும் பிளாஸ்டிக் பசையும் கலந்து ஃபேக்டரியில அழுத்தி வாக்கறது, எடையில பத்துல ஒம்பது பங்கு தூளு, மிச்சம் பசை. பாக்க அம்சமா இருக்கும், கறையும் புடிக்காது. ஆனா திருப்பூர்ல எங்கக்கா ஊட்டுல போட்டிருக்காங்க, ஒரு நாள் பணியாரச் சட்டிய அடுப்புல இருந்து எறக்கி அப்படியே மேடை மேல வெச்சுட்டா, எடுத்துப் பாத்தா நெலா மாதிரி வட்டமா மஞ்சக் கறை. தேச்சும் போகல, பாலிஷ் போட்டும் போகல, இப்ப அது மேல மிக்ஸிய வெச்சு மறைச்சிருக்கா. நம்மூர்ச் சமையல்ல சூடு இல்லாம ஒரு வேலையும் ஆகாதுங்களே, அதான் அந்த நெனப்ப உட்டுட்டோம்.

அப்பத்தான் எங்க இஞ்சினியர் குவார்ட்சைட்டுன்னு ஒன்னு இருக்குதுன்னாரு. பேரு ஒன்னா இருந்தாலும் இது பூமிக்குள்ள தானா வெளஞ்ச கல்லு. மணல்கல்லு ஆழத்துல கெடந்து சூட்டுலயும் அழுத்தத்துலயும் வெந்து, மணலோட மணல் ஒட்டி ஒரே கட்டியா எறுகுனா அதான் குவார்ட்சைட். சாதா மணல்கல்ல ஒடைச்சா மணல் மணலா உதிரும், இத ஒடைச்சா மணலையே குறுக்க வெட்டிட்டுத்தான் ஒடையும், அந்தளவுக்கு எறுக்கம். நம்ம காட்டுல ஏர் ஓட்டையில வெள்ளை வெள்ளையா மேல வருமே வெங்கச்சாங்கல்லு, சின்ன வயசுல கரண்டு போன ராத்திரில ரெண்ட எடுத்து உரசி உள்ளார வெளிச்சம் மின்னறதப் பாத்திருப்போமே, அதுதான் குவார்ட்ஸுங்கற கனிமம். குவார்ட்சைட்ல பெரும்பகுதி அதேதான். (எங்கூருக்குப் பக்கத்துல நொய்யல் கரையில கொடுமணல்ல தோண்டுனப்ப கல்லுமணி செஞ்ச பட்டறையே கெடச்சுது, அங்க அறுத்த கல்லுல குவார்ட்ஸும் உண்டு. கல்லுக்கு அலையறது நமக்கொன்னும் புதுசில்ல.)

கடினத்துக்கு மோஸ்னு ஒரு அளவு சொல்றாங்க, வைரம் 10, குவார்ட்ஸ் 7, கண்ணாடி அஞ்சரை கிட்ட, மார்பிள் வெறும் 3, பெரிய நம்பரு சின்ன நம்பரக் கீறும். இந்த நாலு நம்பரு தெரிஞ்சாப் போதும், கடையில பாதி ஏமாத்த நாமளே புடிச்சரலாம்.

மொதக் கடை கோயமுத்தூர் போற வழியில, பேரு வேண்டாம். ஏசி ஷோரூம், உள்ள போனதும் இளநி. வெள்ளையில சாம்பக் கலர் அலை அலையா ஓடுற ஒரு ஸ்லாப்பக் காட்டி "இது சாஃப்ட் குவார்ட்சைட்டுங்க, இத்தாலியன் மார்பிள் லுக்கு, கிரானைட் ஸ்ட்ரென்த்து"ன்னாரு அந்தத் தம்பி. குவார்ட்சைட்டுல ஏதுங்க சாஃப்ட்டு, கெட்டியா இல்லாட்டி அது வேற கல்லு. ஊட்டுக்காரம்மா பர்ஸுல இருந்த எலுமிச்சங்காய நான் எடுத்ததும் தம்பி மொகம் மாறிப் போச்சு. ஸ்லாப்போட ஓரத்துல, பாலிஷ் படாத பக்கமும் பாலிஷ் இருக்கற பக்கமும் ரெண்டு ரெண்டு சொட்டு உட்டோம். டீ குடிச்சுட்டு கால் மணி நேரங்கழிச்சு வந்து தொடச்சுப் பாத்தா பாலிஷ் பக்கம் அந்த எடம் மட்டும் மங்கிப் போயி, வெளிச்சத்துக்குச் சாய்ச்சா காசு அளவுக்கு வட்டம் தெரியுது. "பாலிஷ்தாங்க போயிருக்குது, தேச்சா வந்துரும்"ங்கறாரு. தேச்சா வரும், ஒவ்வொரு தடவ ரசம் சிந்துனாலும் யாரு வந்து தேக்கறது?

இதுல ஒரு நுணுக்கம் இருக்குதுங்க. சாதா மார்பிள்ல ஆசிட் பட்டா பொசபொசன்னு நொரை வரும். டோலமைட் வகையா இருந்தா நொரையே தெரியாது, சொரண்டித் தூளாக்கி உட்டாத்தான் லேசா வரும். அதனால நொரை வரலைன்னு ஏமாந்துராதீங்க, நேரங்குடுத்து மங்குதான்னு பாருங்க, மங்குனா அது குவார்ட்சைட்டு இல்ல. இன்னொன்னு, ஸ்லாப் மேல ரெசின்னு சொல்ற பிளாஸ்டிக் பசை பூசியிருந்தா எலுமிச்சச் சாறு கல்லையே தொடாது, ஓரத்துல வெறுங்கல்லு தெரியற எடத்துலயும் உட்டுப் பாக்கச் சொல்றது அதுக்குத்தான்.

ரெண்டாவதா போனது ஷோரூமெல்லாம் இல்ல, தகரக் கூரை போட்ட யார்டு, ஸ்லாப்பெல்லாம் வெயில்ல நிக்குது, மேல ஒரு கிரேன். அறுவது வயசு இருக்கும் அந்தய்யாவுக்கு, நான் எலுமிச்சங்காய எடுத்ததும் சிரிச்சுட்டு "அதோட இதையும் பாத்துருங்க தம்பி"ன்னு மேசை மேல கெடந்த ஒடஞ்ச கண்ணாடித் துண்டையும் ஒரு கத்தியையும் எடுத்துக் குடுத்தாரு. ஒரு சின்னச் சில்லோட மொனையில கண்ணாடிய இழுத்தா சர்ருன்னு கோடு, எச்சலத் தொட்டுத் தேச்சாலும் போகல, அப்ப கண்ணாடிதான் கீறியிருக்குது. அடுத்து கல்லு மேல கத்திய அழுத்தி இழுத்தாரு, சாம்பக் கலர்ல கோடு உழுந்துச்சு, எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. வெரல்ல தொடச்சாரு, கோடு போயிருச்சு. கத்தியோட இரும்புதான் கல்லு மேல தேஞ்சிருக்குது! மார்பிளா இருந்திருந்தா கத்தி பள்ளம் பறிச்சிருக்கும். கிரானைட்டும் கண்ணாடியக் கீறும், எலுமிச்சைக்கும் மசியாது, ஆனா அதுல கருப்பு வெள்ளை பழுப்புன்னு தனித்தனிப் புள்ளி தெரியும், பாத்தாலே தெரிஞ்சுரும்.

பேருகளப் பத்தியும் அவருதான் வெவரமாச் சொன்னாரு. தாஜ்மகால்னு ஒரு கல்லு விக்குது, ஆக்ராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, பிரேசில்ல இருந்து வருது, அது நெச குவார்ட்சைட்டுதான், ஆனா வெலையக் கேட்டா தலை சுத்துது. சூப்பர் ஒயிட்னு வர்றது பெரும்பாலும் டோலமைட் மார்பிள். ஃபேன்டசி பிரவுன்னு நம்ம நாட்டுக் கல்லு ஒன்னு இருக்குது, அத ஒரு கடையில மார்பிளுங்கறாங்க, ஒரு கடையில கிரானைட்டுங்கறாங்க, இன்னொரு கடையில குவார்ட்சைட்டுங்கறாங்க, கல்லு என்னமோ ஒன்னுதான்.

நாங்க எடுத்தது வெள்ளையில சந்தனக் கலர் வரி ஓடறது, 20 எம்எம். ஒம்பதரைக்கு ஆறு, ஆக 57 சதுர அடி ஸ்லாப்பு. அடி 780 சொல்லி 720க்கு எறங்குனாரு, 41,040 ஆச்சு, ஜிஎஸ்டி தனி. முழு ஸ்லாப்பாத்தான் தருவேன்னுட்டாரு, அதனால ரெண்டடியில மூணு பட்டை போட்டு ரெண்ட மேடைக்கும் ஒன்ன செவுத்துக்கும் ஒதுக்குனோம். சதுர அடிக்கு 5 கிலோ எடைன்னு வெச்சா ஸ்லாப்பு கிட்டத்தட்ட 285 கிலோ, எறக்கறதுக்கு ஆறு பேரு வேணும், ஆள் கூலியையும் சேத்துக் கணக்குப் போட்டுக்கங்க. சாம்பிள் துண்டப் பாத்து ஆர்டர் குடுத்தராதீங்க, ஒரே பேருல வர்ற ரெண்டு லாட்டு ரெண்டு நெறமா இருக்கும். நேர்ல போயி உங்க ஸ்லாப்ப நனைச்சுப் பாத்து, நம்பரோட போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. நனைச்சா ஒடைசல் கோடு தெரியும், தண்ணி காயறப்ப அந்தக் கோடு மட்டும் ஈரமா நிக்கும்.

இனி வயித்தெரிச்சல் கதை. கல்லு ஒட்ட வந்தவங்க கிரானைட்டு வேலையில கெட்டிக்காரங்கதான், ஆனா இது கிரானைட்ட உட கெட்டி. கூலியே ஒன்னரை மடங்கு கேட்டாங்க, சரின்னோம். காலைல போயிப் பாத்தா போர்ட்டிகோவுல தண்ணி இல்லாம காஞ்ச பிளேடுல அறுத்துட்டு இருக்காங்க, ஊடே வெள்ளைப் பொகை, அறுக்கறவர் மூஞ்சில கட்டுனது ஒரு கர்ச்சீப்பு. அந்தத் தூசி சிலிக்காங்க, நுரையீரலுக்குள்ள போனா திரும்ப வராது, சிலிக்கோசிஸ்னு சீக்கு வரும். குவார்ட்ஸ் ஸ்லாப்ப அறுத்தவங்களுக்கு இந்தச் சீக்கு வந்துதான் ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1ல இருந்து அந்த ஃபேக்டரிக் கல்லையே தடை பண்ணிட்டாங்க. நம்ம குவார்ட்சைட்டு இயற்கைக் கல்லுன்னாலும் தூசி அதே தூசிதான். ஹோஸ் பைப்ப நானே புடிச்சு நின்னு தண்ணி உட்டு அறுக்க வெச்சேன், "சேறாகுதுங்க"ன்னு சலிச்சுட்டாங்க, ஆகட்டும்.

அப்பறம் சிங்க்குக்கு வெட்டறப்ப மூலைய வளைச்சு வெட்டாம சதுரமா வெட்டி, முன்னால இருந்த மூணு இஞ்சிப் பட்டை டக்குன்னு ஒடஞ்சு போச்சு. ரெசின் போட்டு ஒட்டி "தெரியாதுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. தெரியுதுங்க. தெனமும் பாத்திரம் கழுவறப்ப எனக்குத் தெரியுது (ஆமா, நானுங் கழுவுவேன்). மூலைக்கு மொதல்ல ஓட்டை போட்டு அப்பறம் அறுக்கச் சொல்லுங்க, முன்பட்டைக்கு அடியில கம்பி வெச்சு ஒட்டச் சொல்லுங்க, எனக்கு அப்பத் தெரியாமப் போச்சு.

புழக்கத்துக்கு வர்றேன். சூட்டுக்கு நூத்துக்கு நூறு, கொள்ளுப் பருப்புக் குக்கரு, சந்தகைக்கு இட்லிப் போசி எல்லாம் எறக்கி வெச்சாச்சு, ஒரு தடமும் இல்ல. இருந்தாலும் காஞ்ச இரும்புச் சட்டிய நேரா வெக்கறதில்ல, கல்லு தாங்குனாலும் வெடிப்புல ரொப்பியிருக்கற ரெசின் தாங்கோணுமே. கத்திக் கீறலும் இல்ல, கல்லு மேல வெட்டுனா கத்திதான் மொட்டையாகுது.

கறையிலதான் பாடம் படிச்சோம். குவார்ட்சைட்டு ஒன்னொன்னும் ஒரு மாதிரி, சிலது கண்ணாடி மாதிரி இருக்கும், சிலது தண்ணி குடிக்கும். எங்க கல்லுல ஒரு சொட்டுத் தண்ணி உட்டு வெச்சா பத்து நிமிசத்துல லேசாக் கருக்கும், அப்ப சீலர், அதாவது கறை உள்ள எறங்காம இருக்க மேல அடிக்கற மருந்து, கட்டாயம் வேணும். ரெண்டு கோட்டு சீலர் அடிச்சும், அடுப்புக்குப் பக்கத்துல ஜாயின்ட் ஓரத்துல மட்டும் சரியாப் படல போல, சரியா அந்த எடத்துலதான் அம்மா ஈரமஞ்சளக் கொட்டி வெச்சுச்சு. ஈரோட்டு மஞ்சளப் பத்தி நான் சொல்லோணுமா? உள்ளங்கை அகலத்துக்குப் புடிச்சுக்கிச்சு. சோப்புக்குப் போகல. மஞ்சள் வெயில்ல வெளுக்கும், ஆனா அந்த மூலைக்கு வெயிலு காலைல ஒரு மணி நேரந்தான் வருது, அதனால ஹைட்ரஜன் பெராக்சைடுல ஆப்பசோடாவக் கொழைச்சு அப்பி, மேல பாலித்தீன் கவர் ஒட்டி ராத்திரி முழுக்க உட்டோம், ரெண்டு தடவ பண்ணோம், மிச்சத்த வெயிலு பாத்துக்கிச்சு. கறை போனதும் சீலர் திரும்ப அடிச்சேன். தேங்காயெண்ணைக் கறைக்கு வெறும் ஆப்பசோடாவத் தண்ணில கொழைச்சு அப்புனாலே இழுத்துருது.

எங்க போர் தண்ணி உப்புத் தண்ணி, கொழாயச் சுத்தி வெள்ளையாப் படியும். மார்பிளா இருந்தா அந்த உப்ப எடுக்கப் போயி கல்லையே தின்னுரும். இங்க புழிஞ்ச எலுமிச்சத் தோல வெச்சு ஒரு தேய், உப்பு கரைஞ்சுருது, கல்லுக்கு ஒன்னும் ஆகல. உடனே கழுவிரோணும், இல்லாட்டி சீலர் வீணாப் போகும். துருக்கறை எடுக்கற மருந்து சிலதுல ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இருக்கும், அத மட்டும் கிட்ட சேக்காதீங்க, குவார்ட்ஸையே அரிக்கற ஆசிட் அது.

ஊடு பூராவும் இதப் போடலாமான்னு மச்சான் கேட்டாரு. எதுக்குங்க? பாத்ரூம் தரைக்குப் பாலிஷ் கல்லு வழுக்கும், படிக்கு கிரானைட்டு போதும். சமையல் மேடை, பூஜை ரூம் திட்டு, சாப்பாட்டு மேசை, இதோட நிறுத்திக்கலாம். வெளிச்சம் நல்லா இருக்கற சமையல்கட்டா இருந்தா கருப்புக் கிரானைட்டே போடுங்க, மிச்சக் காசுக்கு நல்ல சிம்னி வாங்கலாம்.

அப்பறம் சிங்க்குக்கு வெட்டுன துண்ட, கல்லு ஒட்டறவங்க எடுத்துட்டுப் போகப் பாப்பாங்க, உடாதீங்க, அதுக்கும் காசு குடுத்தது நாமதான். ஓரத்த மட்டும் தேச்சுத் தரச் சொல்லி வாங்கி வெச்சேன். கருப்புக் கல்லே போதும்னு சொன்ன எங்கம்மா இப்ப அது மேலதான் சப்பாத்தி தேய்க்குது, "ஜில்லுன்னு இருக்குது, மாவு ஒட்டறதில்ல"ன்னு வேற சொல்லுது.