ஐடிலிங்கில் மிஸ்ஸிங்: வெப்பமானியா, ஸ்பேனரா?

பழைய ஆறு சிலிண்டர் டீசல் லாரி. ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) விட்டால் பக்கக் கண்ணாடி கிடுகிடுவென ஆடும். ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாத மிஸ்ஸிங்தான் இது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அடங்கிவிடும். டீசல் பம்பையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களையும் மொத்தமாகக் கழற்றி சர்வீசுக்கு அனுப்பச் சொன்னார்கள். எந்த சிலிண்டர் சோம்பேறி என்று தெரியாமல் எதற்குக் கழற்ற வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க வெப்பமானி, ஸ்பேனர் என்ற இரண்டு வழிகளையும் செய்து பார்த்தேன்.

ஃபில்டர் மாற்றுவது, டீசல் லைனில் ஏர் எடுப்பது, எஞ்சின் மவுண்டிங் பார்ப்பதெல்லாம் முதலிலேயே முடிக்க வேண்டியவை.

இன்ஃப்ராரெட் வெப்பமானியில் கை அழுக்காகாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் காட்டினால், கொஞ்சமும் எரியாத சிலிண்டர் குளிர்ந்தே கிடக்கும். ஆனால் இரண்டு மூன்று நிமிடத்தில் இரும்பு முழுக்கச் சூடு பரவிவிடும். பாதி எரிகிற சிலிண்டர் என்றால் இன்னும் குழப்பம். எனக்கு ஐந்தும் ஆறும் கொஞ்சம் குறைவாகக் காட்டின, அவ்வளவுதான்.

ஸ்பேனர் வழி பழசு, எனக்குப் பிடித்ததும் அதுதான். எஞ்சின் ஓடும்போதே ஒரு நாசிலின் பைப் நட்டை அரைச் சுற்று லூஸ் செய்தால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே தடுமாறும். கெட்டது என்றால் எந்த மாற்றமும் இருக்காது. அந்த முதல் நொடியைத்தான் கேட்க வேண்டும். அப்புறம் கவர்னர் டீசலைக் கூட்டி வேகத்தைச் சமாளித்துவிடும். ஐந்தாவதை லூஸ் செய்தபோது எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை.

இத்தோடு நின்றிருந்தால் நானும் நாசிலைத்தான் குறை சொல்லியிருப்பேன். ஐந்தாவது நாசிலை இரண்டாவதில் போட்டு, இரண்டாவதை ஐந்தாவதில் போட்டேன் (செம்பு வாஷர் புதுசு). மிஸ்ஸிங் நாசிலோடு இடம் மாறினால் குற்றம் நாசிலுடையது. மாறவில்லை, ஐந்திலேயே நின்றது. அப்படியென்றால் பம்பு அல்லது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகுவது). நட்டு லூசாக இருக்கும்போது மற்ற பைப்புகளைப் போலவே இதிலும் டீசல் விட்டுவிட்டுத் துள்ளி வந்ததால் பம்பு மேலும் பெரிய சந்தேகம் இல்லை. வால்வு கவரைத் திறந்தால், ஐந்தாவது எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவே இடமில்லை. வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசிந்திருக்கிறது. டேப்பட் (வால்வு இடைவெளி) செட் செய்ததும் ஆட்டம் நின்றது. நாசில் சர்வீசுக்குப் போயிருந்தால் அப்படியே ஆடிக்கொண்டு திரும்பியிருக்கும்.

ஸ்பேனர் வழியில் ஆபத்து உண்டு. நாசில் திறக்கும் அழுத்தமே 200 பார் அளவில் இருக்கும். பீய்ச்சும் டீசல் தோலுக்குள்ளேயே ஏறிவிடும். ஒரு நேரத்தில் ஒரே நட்டு, மேலே துணி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மேனிஃபோல்டு சூடாவதற்கு முன் வேலை. நான் பார்த்ததெல்லாம் இன்லைன் பம்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர்) எஞ்சின்கள்தான். ரோட்டரி பம்பில் (ஒன்றே சுழன்று எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துத் தருவது) ஒரே ஒரு முறை, அன்று சரியாகவே காட்டியது.

காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) எஞ்சினில் மட்டும் ஓடும்போது நட்டைத் தொடவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். அதற்காகவே வெப்பமானியை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.