நைலானா, பிரெய்டா, ஃப்ளூரோகார்பனா: தூண்டிலுக்கு எந்த நரம்பு?

ராடும் ரீலும் வாங்குமுன் பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள்கூட நரம்பைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. ரீலோடு சுற்றி வந்தது எதுவோ, அதையே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பெரிய மீன் ஒன்று அறுத்துக்கொண்டு போன பிறகுதான் அந்தக் கேள்வியே எழுகிறது. என்னைக் கேட்டால் ராடுக்குச் செலவிடும் யோசனையில் பாதியையாவது நரம்புக்குக் கொடுக்க வேண்டும் என்பேன்.

இன்று நன்னீர்த் தூண்டிலில் புழங்குவது மூன்று வகை. பலர் தங்கூஸ் என்று சொல்லும் ஒற்றை இழை நைலான், பல மெல்லிழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு, அப்புறம் ஃப்ளூரோகார்பன். இவற்றை ஒப்பிடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது எத்தனை பவுண்டு தாங்கும் என்பதை. நான் முதலில் பார்ப்பது எவ்வளவு நீளும் என்பதை. மற்ற வேறுபாடுகளில் பாதி அந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

நைலான் நன்றாக இழுபடும். அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்கூட நீளும். 30 மீட்டர் தள்ளி வீசியிருக்கிறீர்கள், மீன் கடித்ததும் சுண்டுகிறீர்கள் என்று வையுங்கள். நரம்பு வெறும் 5 விழுக்காடு நீண்டாலும் ஒன்றரை மீட்டர் இழுப்பு நடுவழியிலேயே கரைந்துவிடும். முள் மீனின் வாயில் ஆழமாக இறங்காததற்குப் பல நேரம் இதுதான் காரணம். பிரெய்டு அநேகமாக நீளவே நீளாது. நீங்கள் சுண்டிய சுண்டு அப்படியே மறுமுனைக்குப் போகும். மீன் இரையை முகர்ந்து பார்ப்பதும், ஈயக்குண்டு கல்லில் உரசுவதும், சேற்றில் அமிழ்வதும் தனித்தனியாக விரலுக்குத் தெரியும். முதல் முறை பிரெய்டு போட்டு வீசியபோது, அத்தனை நாள் கையுறை மாட்டிக்கொண்டு பிடித்தது போல எனக்குத் தோன்றியது.

அப்படியானால் பிரெய்டே மேல் என்று முடிவு செய்துவிடலாமா? முடியாது. நைலானின் நீட்சி குறை மட்டும் அல்ல. கரைக்கு அருகில் வந்த மீன் கடைசியாக ஒரு துள்ளு துள்ளும் அல்லவா, அந்த அதிர்ச்சியை நைலான் வாங்கிக்கொள்ளும். பிரெய்டு வாங்காது. மீன் பலமாக இழுத்தால் ரீலிலிருந்து நரம்பை நழுவவிடும் டிராக்கை இறுக்கி வைத்திருந்தால் முள் நிமிரும் அல்லது மீனின் உதடு கிழியும். பிரெய்டுக்கு மாறிய புதிதில் கைக்கு எட்டும் தூரத்தில் நான் இழந்த மீன்கள் பல. பழக்கத்தில் நைலானுக்கு வைத்த அதே இறுக்கத்தில் டிராக்கை விட்டிருந்தேன். டிராக்கைச் சற்றுத் தளர்த்தி, நுனி வளைந்து கொடுக்கும் ராடுக்கு மாறிய பிறகுதான் சரியாயிற்று. பொதுவான கணக்கு, நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இழுத்தால் டிராக் நழுவ வேண்டும். 10 பவுண்டு நரம்பு என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ இழுப்பு. கொக்கித் தராசு ஒன்றை நரம்பு நுனியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். விரலால் ஊகிப்பதில் நாம் அனைவருமே தவறுகிறோம்.

அடுத்தது தடிமன். பிரெய்டின் இழைகள் மூலக்கூறுகள் மிக நீளமான ஒருவகைப் பாலிஎத்திலீன். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வருவது அதுதான். 10 பவுண்டு நைலான் சுமார் 0.3 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் அதே பலமுள்ள பிரெய்டு அதில் பாதியளவே இருக்கும். மெல்லியது காற்றை எளிதாகக் கிழித்துப் போகும், ராடின் வளையங்களில் உரசல் குறையும். எடை குறைந்த செயற்கை இரையை வீசிப் பார்த்தால் வித்தியாசம் நேரில் தெரியும். பூண்டும் தாமரைத் தண்டும் மண்டிய நீரில் விராலுக்கு வீசுகிறவர்கள் பிரெய்டை விடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இறுகிய பிரெய்டு தண்டை ரம்பம் போல அறுத்துக்கொண்டு வரும். நாலு இழைப் பின்னல் சொரசொரப்பானது, அந்த வேலைக்கு ஏற்றது. எட்டு இழை வழவழப்பு, திறந்த நீரில் தூரம் வீச அதுவே நல்லது.

ஆனால் செடியை அறுக்கும் அதே பிரெய்டு பாறை விளிம்பில் பட்டால் நொடியில் போய்விடும். ஒவ்வொரு மெல்லிழையாக நைந்து அறும். உருண்டையான நைலான் கல்லில் நாலு உரசல் வாங்கியும் தாக்குப்பிடிக்கும். கீழே கல்லும் சிப்பியும் உள்ள ஆற்றில் பிரெய்டை நேரடியாக முள்ளில் கட்டுவது வீண். இன்னொன்று, அது எங்காவது சிக்கினால் கையில் சுற்றி இழுக்கவே கூடாது, விரலை எலும்பு வரை அறுத்துவிடும். ஒரு குச்சியில் நாலைந்து சுற்றுச் சுற்றி, அந்தக் குச்சியைப் பிடித்து இழுங்கள்.

நைலானின் உண்மையான பலவீனம் முதுமை. நீரை உறிஞ்சும், உறிஞ்சியதும் பலம் கொஞ்சம் குறையும். வெயிலில் கிடந்தால் மொரமொரப்பாகும். சின்ன ரீலில் நாள்பட இருந்தால் சுருள் சுருளாகவே வெளியே வரும். பருவத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிட வேண்டும். பிரெய்டு பல ஆண்டு ஓடும், சாயம் வெளுத்தாலும் பலம் அவ்வளவாகக் குறையாது. முன்பாதி நைந்தால் கழற்றித் தலைகீழாகச் சுற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ரீலில் நரம்பு சுற்றும் வழவழப்பான ஸ்பூலில் பிரெய்டை நேரடியாகக் கட்டினால் மொத்தமும் வழுக்கிச் சுழலும். அடியில் சில சுற்று நைலான் போட்டு, அதன்மேல் சுற்றுங்கள்.

சரி, ஃப்ளூரோகார்பன். ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-இல் இதைத் தூண்டில் நரம்பாகக் கொண்டுவந்தது. நீருக்குள் கண்ணுக்கே தெரியாது என்று சொல்லி விற்கிறார்கள். அது மிகை. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில். எண் நீருக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குறைவாகக் கண்ணில் படும். ஆக, நைலானைவிடக் குறைவாகத் தெரியும், மறைந்துபோகாது. கலங்கல் நீரில் அந்த வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. நீளவே நீளாது என்பதும் சரியல்ல, பலமாக இழுத்தால் அதுவும் நீளும். அதன் மெய்யான நன்மைகள் வேறு: நீரை உறிஞ்சாது, உராய்வைத் தாங்கும், அடர்த்தி நீரைப் போல 1.78 மடங்கு என்பதால் வேகமாக மூழ்கும். நைலான் 1.14, மெல்ல மூழ்கும். பிரெய்டு 0.97, மிதக்கும். நீர்ப்பரப்பில் ஓட்டும் தவளை இரைக்கு ஃப்ளூரோகார்பனைக் கட்டினால் அது இரையின் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தையே கெடுத்துவிடும். ரீல் முழுக்க இதைச் சுற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. விறைப்பானது, சின்ன ஸ்பூலிலிருந்து துள்ளித் துள்ளிக் கழலும்.

என் தேர்வு இப்படி. தக்கை போட்டுக் கெண்டைக்கு உட்காருபவருக்கும், குழந்தைக்குக் கற்றுத் தருபவருக்கும், இந்த ஆண்டுதான் தூண்டில் எடுத்தவருக்கும் 8 அல்லது 10 பவுண்டு நைலான் போதும். முடிச்சு எளிதாக நிற்கும், சிக்கினாலும் பிரித்துவிடலாம், தவறுகளை மன்னிக்கும். நாள் முழுக்கச் செயற்கை இரை வீசுபவர் தயங்காமல் பிரெய்டுக்கு மாறலாம். அதன் நுனியில் ஒரு மீட்டர் ஃப்ளூரோகார்பனோ நைலானோ லீடராகச் சேர்த்துக்கொள்ளட்டும். பாறை உரசலை அது பார்த்துக்கொள்ளும், தெளிந்த நீரில் மீனின் கண்ணுக்கு அருகில் எளிதில் தெரியாத நரம்பு நிற்கும். லீடரின் பலம் பிரெய்டைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். அப்போதுதான் சிக்கினால் முள்ளருகே அறும். இல்லாவிட்டால் பல மீட்டர் பிரெய்டு நீருக்குள் தங்கிவிடும். அது மக்காது, பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். கழற்றிய பழைய நரம்பையும் கரையில் போடாமல் துண்டு துண்டாக வெட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

முடிச்சும் நரம்போடு மாற வேண்டும். நைலானில் அருமையாக நிற்கும் கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் நழுவும். பிரெய்டை நேரடியாகக் கட்டவேண்டி வந்தால் பலோமர் போடுங்கள். லீடரை இணைக்க இரட்டை யூனி போதும். எஃப்ஜி முடிச்சு இன்னும் மெலிதாக வளையங்களில் புகுந்து வெளியேறும், ஆனால் கற்க ஒரு சாயங்காலம் ஒதுக்க வேண்டும். எந்த முடிச்சானாலும் இறுக்குவதற்கு முன் எச்சிலால் நனையுங்கள். உலர்ந்து இறுக்கும்போது எழும் சூடே நைலானையும் ஃப்ளூரோகார்பனையும் பலவீனப்படுத்தும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்ளிலிருந்து அரை மீட்டர் வரை நரம்பை இரு விரலுக்கு நடுவே உருவிப் பாருங்கள். சின்னச் சொரசொரப்பு தட்டினாலும் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.