இடது தோளுக்கு ஓர் அளவு, வலது தோளுக்கு ஓர் அளவு: கோத்தகிரியில் ஒரு தையல்கடை

தையல்கடையில் அளவு ஜாக்கெட் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். என்னிடம் இருப்பதெல்லாம் தப்பான ஜாக்கெட். அதைப் பார்த்து இன்னொரு தப்பைத் தைக்க எதற்குக் கூலி?

எனக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது. பதினாறு வயதில் எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டின் வளைவு 58 டிகிரி. ஐம்பதைத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். கோயம்புத்தூரில் செய்தார்கள். இரண்டு டைட்டானியம் கம்பிகள், வரிசையாகத் திருகுகள், இடையில் எலும்புத் துகள்கள். கம்பி பிடித்துக்கொண்டிருக்க, முள்ளெலும்புகள் மாதக்கணக்கில் மெல்ல ஒட்டி ஒரே எலும்பாகிவிட்டன. முதுகு நிமிர்ந்தது, ஆனால் வளைவோடு சேர்ந்து முறுக்கிக்கொண்ட விலா எலும்புகள் முழுதாகப் படியவில்லை. வலது முதுகில் ஒரு மேடு, இடது தோள் ஒரு விரல் உயரம். எந்த ஜாக்கெட்டும் வலப்பக்கம் இறுக்கும், இடப்பக்கம் தொளதொளக்கும்.

மார்க்கெட் அருகே மளிகைக்கடை மாடியில் இருக்கிறது இந்தக் கடை. பலகைகூடக் கிடையாது. அளவு எடுக்க வழக்கம்போல் விறைத்து நின்றேன். "நேராக நிற்க வேண்டாம் கண்ணு, வீட்டில் நிற்கிற மாதிரி நில்" என்றார் அந்த அக்கா. நோட்டில் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் 'இ', மறுபக்கம் 'வ' என்று எழுதினார். வலது முதுகுக்கு முக்கால் அங்குலம் கூடுதல். முதுகுத்துணியை இரண்டாக வெட்டித்தான் தைக்க வேண்டும், ஆனால் நடுத்தையல் தழும்பின் மேல் உரசும் என்றேன். சாக்பீஸ் கோட்டை அழித்து, இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளிப் போட்டார். உள்ளே மெல்லிய மல் துணி லைனிங்.

இடையில் இஞ்சு டேப் கீழே விழுந்தது. நான் முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி இறங்கி எடுத்தேன். பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மற்ற கடைகளில் இந்த இடத்தில்தான் என் மருத்துவ வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

குறையும் உண்டு. ஒரு வாரம் என்றவர் பத்தொன்பதாம் நாள்தான் கொடுத்தார். மழையைக் காரணம் சொன்னார். ஜூலையில் மழை பெய்யும் என்று அவருக்குத் தெரியாதா? காத்திருக்க ஒரு குட்டை முக்காலி மட்டும்தான். முதுகில் மடங்குவதற்கு எனக்கு மிச்சமிருப்பது கீழே உள்ள சில எலும்புகள்தாம். பத்து நிமிடத்தில் அவை முனக ஆரம்பித்துவிட்டன. முழு உயரக் கண்ணாடியும் இல்லை.

லைனிங்கோடு 450 ரூபாய். போட்டுப் பார்த்தேன். கையைத் தூக்கினேன், இறக்கினேன், கழுத்து அங்கேயே இருந்தது. "இந்த ஊரில் பத்து மாதம் ஸ்வெட்டர்தானே, உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார் அம்மா. அடுத்த நாளே இன்னும் இரண்டு துணி கொடுத்துவிட்டு வந்தேன்.

போகிறவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு அளவு கொடுங்கள். ஞாயிறு விடுமுறை. மாடிப்படிக்குக் கைப்பிடி இடப்பக்கம் மட்டும்தான்.