யூஎஸ்டிஏ (அமெரிக்க விவசாயத்துறை) லோன்ல வீடு வாங்கி ஏழு வருஷம் ஆச்சு, அந்த 42 டாலர் மட்டும் என்னை விடவே மாட்டேங்குது

எங்க ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தன், கிரீன் கார்டு கைக்கு வந்த மறுவாரமே "அண்ணே, நீங்க டவுன் பேமெண்ட் இல்லாம ஒரு லோன் எடுத்தீங்களே, நானும் எடுக்கலாமா?"ன்னு கேட்டான். வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட ஆரம்பிச்சேன், எட்டு நிமிஷம் போச்சு, அதுல பாதி திட்டு. சரி ஒழுங்கா எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன். கிராமப்புறத்துல வீடு வாங்குறவங்களுக்கு பேங்க் குடுக்குற லோன் இது, விவசாயத்துறை கேரண்டி நிக்கும்.

2019 மார்ச், அயோவால ஒரு சின்ன கவுண்டி, வீட்டுக்கு மூணு பக்கமும் சோளக்காடு. விலை 1,65,000 டாலர். டவுன் பேமெண்ட்டுன்னு பைசா வைக்கல, 1% கேரண்டி ஃபீயையும் லோன்லயே ஏத்தி 1,66,666 ஆச்சு, 30 வருஷம், 4.5%. ஹெச்1பி வேலை விசால இருந்த வரைக்கும் இந்த லோனுக்கு எனக்கு வழியே இல்ல, கிரீன் கார்டு வந்தப்புறம்தான் கதவு தெறந்துச்சு. விவசாயத்துறை லோன்னு சொன்னதும் ஊர்ல அம்மா "அங்க போயி நெல்லா போடப் போறே?"ன்னு கேட்டாங்க. கூத்து என்னன்னா, வருமானம் வர்ற பண்ணையா இருந்தா இந்த லோனே கிடையாது.

இப்போ என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். ஆனுவல் ஃபீ. பாக்கி இருக்குற அசல்ல 0.35%, மாசாமாசம் தவணையோட சேத்து எடுத்துக்குவாங்க. முதல் வருஷம் மாசம் 48 டாலர், இப்போ 42. ஏழு வருஷத்துல ஆறு டாலர் கொறைஞ்சிருக்கு! சாதா லோன்ல பிஎம்ஐ (பேங்குக்காக நாம கட்ற லோன் இன்சூரன்ஸ்) போட்டாங்கன்னா பாக்கி வாங்குன விலைல 80%க்கு வந்ததும் எடுத்துடுன்னு நாம கேக்கலாம், 78%ல சட்டப்படி அதுவா போயிடும். இதுல அப்படி ஒரு புள்ளியே கிடையாது. பக்கத்து வீடு போன வருஷம் 2,30,000க்கு போச்சு, என் வீடும் கிட்டத்தட்ட அதேதான், ஆனா லோன் இருக்குற வரைக்கும் ஃபீயும் இருக்கும். இதுல எனக்கு என்ன பாதுகாப்புன்னு பாத்தா ஒண்ணுமில்ல, நான் கட்டாம போனா பேங்குக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு அரசாங்கம் குடுக்குற கேரண்டிக்கு பிரீமியம் நான் கட்றேன்.

ரீஃபைனான்ஸ் பண்ணி, அதாவது வேற புது லோன் எடுத்து இதை அடைச்சிட்டு, வெளிய வந்துட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. 2021 ஜனவரில வட்டி 2.65% வரைக்கும் இறங்குச்சு. எல்லாரும் ஓடிப்போயி பண்ணாங்க, வீட்டுக்காரி தெனமும் சொன்னா, நான் "இன்னும் இறங்கும் இரு"ன்னு உக்காந்திருந்தேன். அப்புறம் ஆறுக்கு மேல ஏறிடுச்சு. 42 டாலரை மிச்சம் புடிக்க 4.5%ஐ யாராவது விடுவாங்களா? அதனால திட்டுற திட்டுல பாதி எனக்கே சேரும், அதை வீட்ல ஒத்துக்க மாட்டேன்.

எஃப்ஹெச்ஏ (அரசாங்கம் இன்சூர் பண்ற இன்னொரு வீட்டு லோன்) எடுத்தவங்களைப் பாத்தா நான் வாயத் திறக்கவே கூடாது, அது வேற விஷயம். அவங்க 3.5% கையிலேர்ந்து வச்சு, ஆரம்பத்துல 1.75% ஃபீயும் கட்டி, அப்புறம் என்னை விட ஜாஸ்தியா மாசாமாசம் கட்றாங்க.

வாங்குறப்ப பட்ட பாட்டை ரொம்ப இழுக்கல. வீட்ல தங்கப் போற பெரியவங்க எல்லாரோட சம்பளத்தையும் கூட்டுவாங்க, லோன்ல அவங்க பேரு இருக்கணும்னு இல்ல. அது அந்த ஏரியா மீடியன் (நடுமட்ட) வருமானத்துல 115% தாண்டக்கூடாது. எங்க கூட தங்கியிருந்த மச்சான் சம்பளத்தையும் சேத்தா தாண்டிடுச்சு, பாவம் அவன் தனியா அபார்ட்மெண்ட் பாத்துப் போயிட்டான், இன்னைக்கும் பொங்கலுக்கு வந்தா "என்னைத் தொரத்தி வாங்குன வீடு"ன்னுதான் உள்ள நுழைவான். அப்புறம் லோன் குடுக்குற பேங்க் ஓகே சொன்னா மட்டும் போதாது, ஃபைல் விவசாயத்துறைக்குப் போயி இன்னொரு ஓகே வரணும், எங்க ஃபைல் அங்க போன நேரம் 2018 டிசம்பர் 22, செலவுக்குப் பணம் ஒதுக்குற மசோதா பாஸாகாம அரசாங்கமே கதவ சாத்திடுச்சு, 35 நாள். வீட்டை வித்த பெரியவர் நல்ல மனுஷன், காத்திருந்தார். 2025 அக்டோபர்ல இருந்து 43 நாள் சாத்துனாங்களே, அப்பவும் புது ஃபைல் எல்லாம் அப்படியே நின்னுச்சு.

நான் எதிர்பாக்காத சந்தோஷம் கெணத்துத் தண்ணி. போர்வெல் வீடுங்கிறதால டெஸ்ட் பாஸாகாம லோன் கிடையாதுன்னுட்டாங்க. முதல் தடவை கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்குன்னு ஃபெயில், குளோரின் ஊத்திக் கழுவி மறுபடி எடுத்தப்ப பாஸ், நைட்ரேட்டும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு உள்ள. சுத்தி சோளத்துக்கு உரம் கொட்டுற ஊர்ல இந்த லோன் கேக்கலன்னா நானா டெஸ்ட் பண்ணியிருப்பேனா, சத்தியமா மாட்டேன். அந்த தண்ணில காஃபி போட்டா... மெட்ரிட் கோயிலுக்குப் போறப்ப கேன்ல புடிச்சிட்டுப் போற அளவுக்கு ஆயிடுச்சு. (மெட்ரிட்னா ஸ்பெயின் இல்ல, அயோவாலயே ஒரு ஊரு.)

சரி, எடுக்கலாமா? பத்துக்கு ஆறு. கையில 20% இருந்தா இந்தப் பக்கமே வராத. இல்லன்னா எடு, ஆனா வட்டி இறங்குற அன்னைக்கே வெளிய வந்துடு, வீட்ல சொல்றதக் கேளு.

தம்பி, நேத்து லிங்க் அனுப்பினியே ஒரு வீடு, அந்த அட்ரஸை யூஎஸ்டிஏ மேப்ல போட்டுப் பாத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும்தான்டா கிராமம், இந்தப் பக்கம் டவுனாம். வேற வீடு பாரு.