மண்டபத்தில் அளவுச் சாப்பாடு போடும் ஒரு மெஸ்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், ரயில் நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் தெருவில் இருக்கிறது இந்த மெஸ். போர்டு கிடையாது. தகரக் கொட்டகை, நாலு பெஞ்சு. ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிற எனக்கு மதியச் சாப்பாடு இங்கேதான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற, எடை ஏறாமல் பார்த்துக்கொள்ள நினைக்கிற யாருக்கும் இந்த மெஸ்ஸைத் தைரியமாகச் சொல்வேன்.

முழுச் சாப்பாடு, அளவுச் சாப்பாடு என்று இரண்டு உண்டு. வலை இழுக்கிறவர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் முழுச் சாப்பாடு வாங்குவார்கள், அந்த உழைப்புக்கு அது வேண்டும். எனக்கு எண்பது ரூபாய் அளவுச் சாப்பாடு. சோறு ஒரு எவர்சில்வர் கிண்ணம், தலைதட்டி. கண்ணளவுக்கு 200 கிராம் இருக்கும். நூறு கிராம் சோற்றுக்கு 130 கலோரி என்றால் 260. கேட்கக் கேட்கக் கொட்டுகிற இடங்களில் இதைப்போல இரண்டு மடங்கு நமக்கே தெரியாமல் உள்ளே போயிருக்கும்.

இலையில் முதலில் விழுவது சோறு இல்லை. முருங்கைக்கீரைப் பொரியல், கொத்தவரங்காய்க் கூட்டு, பிறகு மீன், கடைசியில்தான் கிண்ணம் வரும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் தட்டில் ஏறக்குறைய பாதி காய், கீரை, பழம் என்றுதான் சொல்கிறது. மெஸ் நடத்துகிற அக்கா அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் இலை அப்படித்தான் அமைகிறது.

இந்தக் கடையின் உயிர் காரல் குழம்பு. மண்சட்டியில், தேங்காய் அரைக்காமல், புளியும் நம்ம ஊர் முண்டு மிளகாயும் போட்டு வைத்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத மீன், உடம்பெல்லாம் முள். ஓரத்து முள்ளை விரலால் கிள்ளி, நடுமுள்ளை அப்படியே உருவி, சதையை வழித்து ஒரு வாய்ச் சோற்றோடு வைப்பதற்குள் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குப் போயிருப்பார். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட 20 நிமிடம்வரை ஆகும் என்பார்கள். காரலை அதைவிட வேகமாகச் சாப்பிட முடியாது. மீனில் புரதம் இருப்பதால் பசியும் சீக்கிரம் எடுக்காது. நாலு மணிக்கு ஆபீசுக்கு டீயோடு பருப்பு வடை வரும்போது டீயை மட்டும் எடுத்துக்கொள்ள முடிகிறது. ஒரு மதியச் சாப்பாடு நல்லதா என்று நான் பார்ப்பது அந்த நேரத்தில்தான்.

இன்னொன்று. நம்ம பக்கம் "போதும்" என்றால் யாரும் காதில் வாங்குவதில்லை, இன்னும் ஒரு கரண்டி வைத்தால்தான் உபசாரம். இங்கே ஒரு தடவை சொன்னால் கரண்டி நின்றுவிடும். பத்தவில்லை என்றாலும் கூச்சப்பட வேண்டாம். "கூட்ட முடிச்சிட்டுக் கேளுங்கண்ணே, சோறு இருக்கு, அதுக்குக் காசு வேணாம்" என்பார் அக்கா. கூட்டை முடித்த பிறகு பெரும்பாலும் கேட்கத் தோன்றாது.

குறைகளும் உண்டு. கருவாட்டுக் குழம்பில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தொட வேண்டாம். பொரித்த மீன் எண்ணெய் குடித்து வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, நாட்டுப்படகில் கிடைக்கிற சூடை மீனோ நகரை மீனோதான். அதுவும் இல்லாத நாளில் அவித்த முட்டையும் பாசிப்பயறும். அந்தப் பயறு நன்றாகவே இருக்கும்.

வெள்ளிக்கிழமை கடை லீவு. மற்ற நாட்களில் ஒன்றரை மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் காரல் நிற்காது. பார்சலில் மட்டும் கிண்ணக் கணக்கு கிடையாது, சோற்றை அள்ளி அமுக்கிக் கட்டிவிடுகிறார்கள். "அளவுச் சாப்பாடு, ஒரு கிண்ணம்தான்" என்று முன்னாலேயே சொல்லி வாங்குங்கள்.