எட்டு ஆண்டு டிராக்டர் அனுபவம்: ஹைட்ராலிக் கோளாறுகளும் அவற்றைக் கண்டுபிடித்த விதமும்

2016-இல் வாங்கிய எங்கள் 50 குதிரைத்திறன் டிராக்டர், 2024 குறுவை உழவு முடிந்தபோது 5,300 மணி நேர ஓட்டத்தைத் தாண்டியிருந்தது. திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் நிலம் என்பதால், ஆண்டுக்கு இரண்டு பருவம் கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டித் தொளி உழவும் (நீர் கட்டிய சேற்று உழவு), இடையில் சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் வேலையும், கோடையில் டிப்பர் டிரெய்லரில் எருவும் செங்கல்லும் ஏற்றுவதுமாக வண்டிக்கு ஓய்வு குறைவு. இன்ஜின் இத்தனை ஆண்டுகளில் என்னைப் பெரிதாகச் சோதித்ததில்லை. பணத்தையும் வேலை நாட்களையும் தின்றது, எண்ணெய் அழுத்தத்தால் கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக்தான். அதிலும் பாதிச் செலவு கோளாற்றால் வந்தது அன்று. கோளாறு எது என்று தெரியாமலே பாகத்தை மாற்றியதால் வந்தது.

எங்கள் வண்டியில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அந்தத் தொட்டியிலிருந்து ஸ்ட்ரெய்னர் என்னும் வடிகட்டி வலை வழியாகப் பம்ப் எண்ணெயை உறிஞ்சி, கண்ட்ரோல் வால்வுக்குத் தள்ளுகிறது. லீவரை உயர்த்தினால் எண்ணெய் சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ள, பின்னால் கருவியைத் தாங்கும் லிஃப்ட் கைகள் மேலே எழுகின்றன. அழுத்தம் அளவு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயைத் திரும்பத் தொட்டிக்கே விட்டுவிடும். 180 பார் அழுத்தம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ விசை. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் மீது அது 14 டன்னுக்கு மேல் வருகிறது. இவ்வளவு பெரிய அழுத்தம் கசியாமல் தடுத்து நிற்பவை ஓ-ரிங்குகள் என்னும் சில ரூபாய் பெறுமான ரப்பர் வளையங்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பல விஷயங்கள் எளிதில் விளங்கும்.

முதல் கோளாறு கோளாறே அன்று. வாங்கிய மறு ஆண்டு, ரோட்டவேட்டரை மாட்டிவிட்டு லீவரைத் தூக்கினால் லிஃப்ட் அசையவே இல்லை. மெக்கானிக் பத்துக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து வந்து, இருக்கைக்கு அருகில் இருந்த மாற்றுக் குமிழை ஒரு சுற்றுச் சுற்றினார்; லிஃப்ட் எழுந்தது. முந்திய நாள் டிரெய்லரைத் தூக்குவதற்காக எண்ணெயை வெளி இணைப்புக்குத் திருப்பியிருந்த ஓட்டுநர், வேலை முடிந்ததும் அதை லிஃப்டுக்குத் திருப்பவில்லை. கருவி மிக மெதுவாக இறங்குகிறது என்று வருகிற புகார்களிலும் பெரும்பாலானவை, இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெஸ்பான்ஸ் குமிழை யாரோ இறுக்கி வைத்துவிட்டதால் வருபவை. அன்று மெக்கானிக்குக் கொடுத்த 300 ரூபாயை நான் கல்விக் கட்டணமாகக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

பெரிய பாடம் 2019 மார்கழியில் வந்தது. காலையில் வண்டியை எடுத்தால் லிஃப்ட் குலுங்கிக் குலுங்கி ஏறும்; பம்ப் இருக்கும் பக்கத்திலிருந்து கொசு ரீங்கரிப்பது போல் ஒரு கூச்சல் கேட்கும். ஒரு மணி நேரம் ஓடியபின் சத்தமும் குறையும், லிஃப்டும் ஓரளவு ஒழுங்காகும். நகரத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். கேட்ட மாத்திரத்தில் பம்ப் போய்விட்டது என்று சொல்லிப் புதியது மாட்டினார்கள். பம்புக்கும் கூலிக்குமாகப் பதினெட்டாயிரம் ரூபாய் ஆயிற்று. இரண்டாம் நாள் காலை அதே கூச்சல், அதே குலுங்கல்.

அதன் பிறகுதான் பக்கத்து ஊரில் வேலையை விட்டு ஓய்ந்திருந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். வண்டியைத் தொடுமுன் அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, காலையில முரண்டு புடிக்குதா, மத்தியானத்துலயா?” காலையில் என்றேன். “அப்ப பம்பு மேல ஏன் பழி போட்டாங்க?” என்று சொல்லிவிட்டு, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெயிலில் காட்டினார். கம்பியில் ஒட்டியிருந்த எண்ணெய் முழுவதும் சோப்பு நுரை போலச் சின்னச் சின்னக் குமிழிகள்.

அவர் விளக்கியதைப் பிறகு நானே பலமுறை சரிபார்த்திருக்கிறேன். குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும். ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தால் அந்தத் தடித்த எண்ணெயைப் பம்பால் போதிய அளவு உறிஞ்ச முடியாது, அதனால் கூச்சலிடும். எண்ணெய் சூடாகி இளகியதும் அடைப்பையும் மீறி வரும் என்பதால் மதியத்தில் நிலைமை சற்றுத் தேறும். பம்பே தேய்ந்திருந்தால் கதை தலைகீழ். தடித்த எண்ணெயோடு காலையில் நன்றாகத் தூக்கும். எண்ணெய் இளகியதும், பம்புக்குள் சுழலும் பற்சக்கரங்களின் தேய்ந்த பற்களின் ஓரமாக உள்ளுக்குள்ளேயே நழுவித் திரும்பிவிடுவதால் மதியத்தில் சோர்ந்துபோகும். இந்த ஒரு வேறுபாட்டை ஒர்க்‌ஷாப்பில் கேட்டிருந்தால் என் பதினெட்டாயிரம் மிஞ்சியிருக்கும்.

ஸ்ட்ரெய்னரைக் கழற்றியபோது, கம்பி வலை முழுவதும் சாம்பல் நிறத்தில் புழுப் போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தன. இரும்புத்தூள் என்று நினைத்தேன்; விரலால் நசுக்கினால் ரப்பர் போல இழுபட்டது. முன்பு எப்போதோ கியர் பெட்டி மூடியைத் திறந்து மூடியபோது பேக்கிங்குக்குத் தடவிய பசையை அளவுக்கு மிஞ்சி அப்பியிருக்கிறார்கள்; பிதுங்கி உள்ளே விழுந்தவை எல்லாம் எண்ணெயோடு சுற்றி வந்து வலையில் ஒதுங்கியிருந்தன. அதோடு, உறிஞ்சு குழாய் பம்போடு சேரும் இடத்து ஓ-ரிங் தட்டையாகிப் பிளந்திருந்தது. அந்தக் குழாயில் எண்ணெய் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால்தான் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லாமல் நுரை மட்டும் வந்தது. வலையை டீசலில் அலசி, ஓ-ரிங்கை மாற்றினோம். செலவு நாற்பது ரூபாய். கழற்றிய பழைய பம்பை விற்றுவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை, எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவைத்தேன்.

2021 சம்பாத் தொளி உழவின்போது எண்ணெய் மோர் போல வெளுத்தது. எங்கள் பகுதியில் இது எல்லா டிராக்டருக்கும் வருகிற நோய். பின்னச்சு வரை சேற்றில் இறங்கி மணிக்கணக்காக உழும்போது, தேய்ந்த ஆயில் சீல்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு எண்ணெயைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டுப் பார்க்கலாம். தண்ணீர் கலந்திருந்தால் தாளிப்பில் கடுகு வெடிப்பது போலப் படபடக்கும், நல்ல எண்ணெய் சத்தமில்லாமல் புகையும். உழவு முடியட்டும் என்று இருபது நாள் தள்ளிப்போட்டேன், அது தவறு. வால்வுக்குள் வழவழவென்று ஓட வேண்டிய ஸ்பூல் தண்டில் துருப் புள்ளிகள் விழுந்து, அது அவ்வப்போது சிக்கத் தொடங்கியது. இப்போது, பருவம் முடிந்ததும் இரவு முழுவதும் வண்டியை நிறுத்திவைத்து, காலையில் இன்ஜினை இயக்குமுன் தொட்டியின் அடித்திருகைச் சற்றே தளர்த்திப் பார்க்கிறேன். அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. மீதமிருக்கும் இன்ஜின் ஆயிலை இதில் ஊற்றுகிற வழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. ஆயில் பிரேக் உள்ள வண்டியில் அதே எண்ணெயில்தான் பிரேக் தட்டுகளும் ஊறிக்கிடக்கின்றன என்பதால், அதற்கென உள்ள டிரான்ஸ்மிஷன்-ஹைட்ராலிக் எண்ணெயைத் தவிர வேறெதை ஊற்றினாலும் பிரேக் கிறீச்சிடும், பிடிப்பும் கெடும்.

டிப்பர் டிரெய்லர் தனிக் கதை. டிரெய்லரைத் தூக்கும் சிலிண்டரான ஜாக்கி முழுதாக நீளும்போது பல லிட்டர் எண்ணெயைத் தொட்டியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அளவு குறியின் கீழ்க்கோட்டில் எண்ணெய் இருந்தால், லிஃப்டுக்கு அது போதும். ஆனால் டிரெய்லர் பாதி எழுந்ததும் பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிவிடும். ஆகையால் டிரெய்லர் வேலை நாட்களில் எண்ணெய் மேல்கோட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்தார் டிரெய்லரை நம் வண்டியில் மாட்டினால், அவர்கள் ஜாக்கியில் இருக்கும் அழுக்கு எண்ணெய் திரும்பி வருவது நம் தொட்டிக்குத்தான். நட்பு முறியாமல் இதை எப்படி மறுப்பது என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. ஒருமுறை ஏறிய டிரெய்லர் இறங்க மறுத்து, செங்கல் சூளை வாசலில் இரண்டு மணி நேரம் வானம் பார்த்து நின்றது. ஹோஸ் இணைப்பு பாதிதான் உள்ளே பொருந்தியிருந்தது; போகும் எண்ணெய்க்கு வழிவிட்டு, திரும்பும் எண்ணெயை அது அடைத்துவிட்டது. அந்த நிலையில் இணைப்பைக் கழற்றுகிறேன் என்று எவரும் டிரெய்லருக்கு அடியில் போகக்கூடாது. முதலில் முட்டுக்கட்டை, பிறகுதான் கை. அழுத்தத்தில் இருக்கும் ஹோஸில் ஊசிமுனை ஓட்டையை விரலால் தடவித் தேடுவதும் அப்படித்தான். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் போதும்.

டிரெய்லரால் ஒரு நன்மையும் உண்டு. அதுவே என் சோதனைக் கருவி. லிஃப்ட் தூக்காமல் டிரெய்லர் மட்டும் நன்றாக ஏறினால், பம்பும் ரிலீஃப் வால்வும் நலம், கோளாறு லிஃப்டின் வால்விலோ சிலிண்டரிலோ இருக்கிறது. இரண்டுமே சோர்ந்தால் பம்ப், ரிலீஃப் வால்வு, ஸ்ட்ரெய்னர் பக்கம் பார்க்க வேண்டும்.

2022-இல் தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டர் சில நொடிக்கு ஒருமுறை தலையாட்டத் தொடங்கியபோது இந்தச் சோதனை உதவியது. எண்ணெய் கசிந்து லிஃப்ட் சற்றே தாழ, வால்வு அதை உணர்ந்து மறுபடி உயர்த்த, மீண்டும் தாழ என்று அது ஓயாமல் நடக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்ததில், பத்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்கியது. எங்கள் வண்டியில் ரெஸ்பான்ஸ் குமிழை முழுவதும் மூடினால் சிலிண்டருக்கும் வால்வுக்கும் இடையிலான வழி அடைபடும். மூடிய பிறகும் அதே வேகத்தில் இறங்கியதால், கசிவு பிஸ்டன் ஓ-ரிங்கில் என்பது உறுதியாயிற்று. மேல்மூடியைத் திறந்து மாற்றியதில் ஒரு பகல் போயிற்று.

கடைசியாக 2023 சித்திரையில் லிஃப்டும் டிரெய்லரும் மதியத்தில் சோர்ந்தன. இம்முறை நானே பிரஷர் மீட்டர் வாங்கி வந்து பொருத்தினேன். காலையில் 175 பார். மதியம் மெதுவான ஓட்டத்தில் 105; ஆக்சிலரேட்டரைக் கூட்டினால் 150 வரை ஏறியது. ரிலீஃப் வால்வு தளர்ந்திருந்தால் வேகம் கூட்டினாலும் அழுத்தம் ஒரே இடத்தில் நின்றிருக்கும். வேகத்தோடு ஏறியதால் பம்ப்தான். வெளுத்த எண்ணெயோடு இருபது நாள் உழுததன் விலை அது என்று நினைக்கிறேன். பரணில் கிடந்த பழைய பம்பை இறக்கி, பெரியவரிடமே கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தார், பற்களில் தேய்மானம் இல்லை. 600 ரூபாய்க்கு சீல் கிட் மட்டும் மாற்றினார். இன்றைக்கும் வண்டியில் ஓடுவது அந்தப் பம்ப்தான். போன வாரம் மதியம் இரண்டு மணிக்கு மீட்டர் 170 காட்டியது.