மின்வில்லை அளந்து தரும் ஒளியிழைச் சேவை: ஒரு மதிப்பீடு

மின்னோட்டம் அளவுமீறினால் தானாகத் துண்டிக்க வீட்டு மின்பலகையில் பொருத்தும் பிரேக்கரான எம்சிபி ஒன்றினுள், ஷார்ட் சர்க்யூட்டின்போது மின்வில் (பிரியும் தொடுமுனைகளுக்கு இடையே காற்றில் பாயும் சுடர்போன்ற மின்னோட்டம்) எவ்வாறு நகர்கிறது என்பதை அறிய, தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றின் சேவையைப் பெற்றோம். அவர்கள் ஒளியைக் கடத்தும் மெல்லிய இழைகளின் (ஒளியிழை) வரிசையால் அளந்து தருவதோடு, அதே பிரேக்கருக்குக் கணினி மாதிரியும் உருவாக்கித் தருகிறார்கள். அளவீட்டுக்கு முழு மதிப்பெண் தருவேன், மாதிரிக்குப் பாதிதான்.

முன்பு அதிவேகக் கேமராவையே நம்பியிருந்தோம். நொடிக்கு 25,000 படங்கள் எடுத்தாலும் இரு படங்களுக்கு இடையே 40 மைக்ரோநொடி கழிகிறது. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடும் மின்வில் அதற்குள் 4 மில்லிமீட்டர் கடந்துவிடும். கேமராவுக்காக உறையின் ஒரு பக்கத்தில் கண்ணாடி பொருத்துவது அதைவிடப் பெரிய தொல்லை. உறையின் நைலான் சுவர் வெப்பத்தில் ஆவியாகி வெளிவிடும் வாயுவே மின்வில்லின் போக்கை மாற்றக்கூடியது. கண்ணாடி அவ்வாறு வாயு தராது என்பதால், நாம் அளப்பது கடைக்குப் போகும் பிரேக்கரையே அல்ல. ஒளியிழை முறையில் உறையில் சிறு துளைகள் மட்டும் போதும். ஒவ்வோர் இழையும் தன் எதிரிலுள்ள புள்ளியின் ஒளியை நொடிக்கு 10 லட்சம் முறை பதிவுசெய்கிறது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கையாண்ட முறை இது. கிடைப்பது அழகான படமன்று, வெறும் புள்ளிகளின் கூட்டம். பழகச் சில நாட்கள் ஆயின.

ஆயினும் எங்கள் நெடுநாள் ஐயம் அதில்தான் தீர்ந்தது. மின்வில் பிரேக்கரினுள் அடுக்கியுள்ள இரும்புத் தகடுகளுக்குள் புகுந்து துண்டுபடும்போது, துண்டுக்கு ஏறத்தாழ 20 வோல்ட் வீதம் 13 துண்டுகளில் 260 வோல்ட் சேர்ந்து மின்னோட்டத்தை அடக்க வேண்டும். எங்கள் பிரேக்கரிலோ அந்த மின்னழுத்தம் நடுவில் சரிந்துகொண்டிருந்தது. மின்னழுத்த மாற்றத்தை வரைபடமாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் சரிவைக் காட்டியதே தவிர, காரணத்தைக் காட்டவில்லை. தகடுகளுக்குப் பின்னால், தொடுமுனைகளின் அருகே மின்வில் மீண்டும் பற்றிக்கொள்வதை ஒளியிழைப் பதிவு காட்டியது. வாயு வெளியேறும் துளைகளை அகலப்படுத்தியதும் அது வெகுவாகக் குறைந்தது.

மாதிரியின் கதை வேறு. வாயு ஓட்டத்தையும் காந்தப்புலத்தையும் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் மின்வில் உலோகத்தைத் தொடும் மெல்லிய அடுக்குக்கு மட்டும் ஒரு மின்னழுத்த மதிப்பை எங்கள் அளவீட்டோடு ஒத்துப்போகும்படி சரிக்கட்டிவிட்டு, பிறகு ‘மாதிரி சோதனையுடன் பொருந்துகிறது’ என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். வாயுத் துளையை மாற்றிய பின் வந்த போக்கை அந்த மாதிரியால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அளவீட்டை மட்டும் தனியாகக் கேட்டாலும் செய்து தருகிறார்கள். ஒவ்வொரு சோதனையிலும் தொடுமுனை உருகிக் கரி படிவதால், பத்துப் பிரேக்கர்களாவது கொண்டுபோவது நல்லது.